சட்டை செய்தல்

ஒருவரைப் பொருட்படுத்துவதைத் தமிழில் ‘சட்டை செய்வது’ என்கிறோம். பெரும்பாலும் எதிர்மறையில்தான் அது வரும்: ‘அவன் என்னையச் சட்டையே பண்ணலை.’ இந்தச் சட்டைக்கும் உடம்பில் மாட்டும் சட்டைக்கும் உள்ள உறவைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். யார் யாரைச் சட்டை செய்வது என்ற கேள்வி இங்கே நெடுங்காலம் யார் சட்டை போடலாம் என்ற கேள்வியாகவே இருந்தது. ஆணுடையில் ‘தனிப்பாணி’ என்று இப்போது வாரப் பத்திரிகைகளும் ஜவுளி விளம்பரங்களும் பேசுகிற பேச்சை இந்தக் கரையில் நின்று கேட்டால் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பேச்சின் மூலம் ஐரோப்பாவில் இருக்கிறது. 1528-ல் காஸ்டிக்லியோனே அரசவையாளர்களுக்காக எழுதிய நூல் அதற்கு ஒரு கலைச்சொல் தந்தது: ஸ்பிரெத்ஸாதூரா. பாடுபட்டுச் செய்ததைப் பாடுபடாமல் வந்ததுபோலக் காட்டுகிற அலட்சியம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனை ஆட்டிவைத்த ப்ரம்மல் இதன் உச்சம். தெருவில் உன்னை யாராவது திரும்பிப் பார்த்தால் நீ சரியாக உடுத்தவில்லை என்று பொருள் என அவர் சொன்னதாக வழங்குகிறது. இன்னொரு கதையும் உண்டு: அவருடைய வேலைக்காரன் கசங்கிய கழுத்துத் துணிகளை ஒரு குவியலாகச் சுமந்துகொண்டு படியிறங்கினானாம். இதெல்லாம் என்ன என்று கேட்டதற்கு, இன்றைக்குத் தோற்றுப்போனவை என்றானாம். போதலேர் 1863-ல் இந்த டாண்டியை நவீன வாழ்க்கையின் கடைசி வீரனாகவே ஆக்கிவிட்டார். இந்த மரபிலிருந்து திரண்ட சூத்திரம் எளிமையானது. விதிகளைக் கற்றுக்கொள், உன் உடம்புக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள், பிறகு ஒன்றிரண்டு விதிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடு. அந்தத் தளர்வில் நீ தெரிவாய்.

ரோலான் பார்த் 1957-ல் எழுதிய ஒரு கட்டுரையில் மொழியியலிலிருந்து ஒரு பிரிவினையைக் கடன் வாங்கினார். மொழி சமூகத்துக்குச் சொந்தம், பேச்சு தனிமனிதனுக்குச் சொந்தம். அதுபோல உடை ஒரு அமைப்பு. உடுத்தல் ஒருவன் அந்த அமைப்பைக் கையாளும் விதம். காலரைத் திறந்துவிடுவது, கையை மடிப்பது, வேட்டியைத் தூக்கிக் கட்டுவது எல்லாம் பேச்சு. தனிப்பாணி என்பது இந்தப் பேச்சுதான். நல்ல பிரிவினை, சந்தேகமில்லை. ஆனால் மொழியே மறுக்கப்பட்டவன் பேசுவது எப்படி என்ற கேள்வி பார்த்துக்கு எழவில்லை. அவர் ராமநாதபுரத்துக்கு வந்ததில்லை.

நம்மிடம் டாண்டி இல்லாமலில்லை. அவனுக்கு ‘மைனர்’ என்று பெயர். மல் ஜிப்பா, அதன் பைக்குள் வெளியே தெரியும்படி ஒரு நோட்டு, கழுத்தில் சங்கிலி, காற்றில் அத்தர். இந்தச் சொல் சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஜமீன் வாரிசு வயதுக்கு வரும்வரை சொத்தைக் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ பார்த்துக்கொள்ளும். அதுவரை அவன் மைனர்: பொறுப்பு கிடையாது, படி கிடைக்கும். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியே 1873-ல் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தகப்பனை இழந்து, 1889-ல்தான் ஜமீன் பொறுப்பேற்றார். அவரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சொல்லின் ஊற்றுக்கண்ணைக் காட்டுகிறேன். வேலை செய்ய அவசியமில்லாத, சொத்து உத்தரவாதமுள்ள ஓர் இளைஞனின் அலட்சியத்தைத்தான் தமிழ் ‘மைனர்த்தனம்’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. காஸ்டிக்லியோனே நானூறு பக்கத்தில் மறைத்ததை நம் ஊர்ப் பேச்சு ஒரு சொல்லில் போட்டு உடைத்துவிட்டது. கோட்டும் இங்கே புதிதல்ல. ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே ஐரோப்பியர்கள் தொப்பியும் கோட்டுமாகச் சேதுபதி முன் நிற்கிறார்கள். பார்க்காத உடை என்று எதுவும் இந்தச் சீமையில் இருந்ததில்லை. போடக்கூடாத உடை இருந்தது.

1931-ல் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன், 1946-ல் வெளிவந்த தன் சாதி பற்றிய நூலில் ஒரு பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகள். அவற்றைத் தாழ்த்தப்பட்டோர் கொடுமை வரலாற்றின் ஒரு பக்கமாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். ஒருமுறை அதை ஆணுடை பற்றிய கையேடாகப் படித்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது, காலில் செருப்பு கூடாது. பொன், வெள்ளி கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. பாத்திரம் மண்ணாகத்தான் இருக்க வேண்டும். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அதில் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது சேர்ந்தது. காலை 7 முதல் மாலை 6 வரை மிராசுதாரிடம் வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா என்பதும் சேர்ந்தது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டதையும், தானியமும் ஆடுமாடும் பறிபோனதையும் ஹட்டன் குறித்திருக்கிறார்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்கு உடையின் நுணுக்கம் அத்துப்படி. எந்த ஃபேஷன் எழுத்தாளனையும் விட நன்றாகத் தெரிந்திருக்கிறது. முழங்கால் எனும் அந்தக் கோட்டைப் பாருங்கள். வேட்டியின் நீளத்தில் நாலு விரற்கடை ஏறினால் ஒரு ஆள், இறங்கினால் இன்னொரு ஆள். சட்டையைத் தடுத்தவர்கள் கூலியையும் அதே மூச்சில் நிர்ணயித்தார்கள். சட்டை போட்டவனுக்கு நாலணா கொடுக்க வாய் வராது என்று அவர்களுக்குத் தெரியும். ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்பதை இவ்வளவு நேர்மையாக நம்பியவர்கள் வேறு யார்?

இதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, பக்கத்து மதுரையில் மேலமாசி வீதியில் காந்தி சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு முழங்காலுக்கு மேல் நிற்கும் துண்டுத் துணிக்கு மாறினார். கதருக்கு வழியில்லாத ஏழைகளோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளும் முடிவு. இரண்டு உடம்புகளையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இடுப்புக்கு மேலே துணியில்லை, முழங்காலுக்குக் கீழே துணியில்லை. புகைப்படக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. குறி ஒன்று, அர்த்தம் நேர்மாறு. காந்தியின் வெற்றுடம்புக்கு அர்த்தம் தருவது அவர் ஒருகாலத்தில் போட்டிருந்த பாரிஸ்டர் கோட்டுதான். கழற்ற முடிந்தவனுடைய நிர்வாணம் தியாகமாகிறது. போட அனுமதியில்லாதவனுடையது பிறவி அடையாளமாகிறது. காந்தியின் நேர்மையைச் சந்தேகிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவருடைய அரைவேட்டியும் ப்ரம்மலின் அலட்சியமும் இலக்கண அளவில் ஒரே வினைதான் என்று சொல்லாமலிருக்க முடியவில்லை. இரண்டுமே, இருக்கிற ஒன்றைத் தளர்த்துவது.

சொந்தக் கதை ஒன்று. எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை. அவர் முன்னால் வருகிறவர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்கள். அதை ‘மரியாதை’ என்றுதான் நான் படித்துக்கொண்டேன். ஒரு சித்திரை மதியம் ஒருவர் வந்தார். எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவரின் மகன். ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து மண்டபம் பக்கம் போய்விட்டவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன், கழுத்தில் கடைசிப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார். அந்த வெயிலில் எங்கள் வீட்டில் யாரும் உடம்பில் துணி வைத்திருக்கவில்லை. தோளில் துண்டு இல்லாததால் அவருக்கு இடுப்பில் கட்ட ஒன்றுமில்லை.

தாத்தா கேட்டார்: “என்னப்பா, கலெக்டராட்டம் வந்து நிக்கிறே?”

அவர் சிரிக்காமல் சொன்னார்: “கலெக்டருக்கு மட்டுமாங்கய்யா சட்டை தைக்கிறாக?”

தகப்பனார் அடமானம் வைத்த பத்திரத்தைக் கேட்டு வந்திருந்தார். பணம் கொண்டுவந்திருந்தார், எண்ணி வைத்தார், வாங்கிக்கொண்டு போனார். போன பிறகு தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “பவிசு வந்திருச்சு” என்றார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கழுத்துப் பட்டன் மட்டும் மறக்கவில்லை. பின்னால் ஃபேஷன் நூல்களில், டை இல்லாமல் கழுத்துப் பட்டனைப் போடுவது நாட்டுப்புறத்தான் வேலை என்று படித்தபோது முதலில் ஞாபகம் வந்தவர் அவர். விதியைத் தளர்த்துவதில் பாணி பிறக்கிறது என்பவர்கள் அந்தத் திண்ணையடியில் ஐந்து நிமிடம் நின்றிருக்க வேண்டும். அங்கே பாணி பிறந்தது விதியை ஒரு பட்டன்கூட விடாமல் நிறைவேற்றியதில். அலட்சியமாக வந்திருந்தால் அவர் அப்பாவின் மகனாகத்தான் தெரிந்திருப்பார்.

இந்தப் பிரச்சினையை என்னை விட நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர் ராமநாதபுரத்தில் நான் வழக்கமாகப் போகும் தையல்காரர். செவ்வியல் ஆணுடையின் சாரம் ‘அளவு’ என்று எல்லா நூலும் சொல்லும். ஃப்ளஸ்ஸர் 2002-ல் எழுதிய தடித்த புத்தகம் முழுவதும் அதுதான்: தோள் எங்கே முடிய வேண்டும், கைநீளம் எங்கே நிற்க வேண்டும். எங்கள் தையல்காரருக்கு அளவு என்பது பேரம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு என்றால் “ரெண்டு வருசம் வர்றாப்பில” தைக்க வேண்டும். துணியை முதலில் நனைத்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிவிடும். பெரியவர்கள் பழைய சட்டை ஒன்றை ‘அளவுச் சட்டை’யாகக் கொண்டுவந்து போடுவார்கள். உடம்பைத் தொட்டு அளக்கத் தயங்கிய காலத்தில் அது எவ்வளவு வசதியான ஏற்பாடாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒருமுறை அவர் சொன்னார்: “சில பேரு கழுத்தை மூடித்தான் போடுவாக. அவுகளுக்குத் தைக்கிறப்ப ஒரு விரல் உள்ள போற மாதிரி வைக்கணும். இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது.” ஒரு விரல் இடைவெளி. லண்டன் சாவில் ரோவில் கோட்டுத் தைப்பவரும் காலருக்கு இதே கணக்கைத்தான் சொல்வார்.

அந்த வெள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு ஊழியர்களைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்’ என்று மிரட்டும்போது தமிழ்நாடு மனதில் வைத்திருப்பது இந்த மாவட்டத்தைத்தான். கடலோரக் கிணறுகளில் உப்பு. சோப்பு நுரைக்காது. வெள்ளைத் துணி நாலு துவைப்பில் பழுப்பேறும். சொட்டு நீலம் போட்டுத்தான் அதை மீட்க வேண்டும். ஆக, இங்கே ஒரு வெள்ளைச் சட்டை என்பது நல்ல தண்ணீர் எத்தனை குடம் என்ற கணக்கு. அந்தக் குடங்களைச் சுமந்தவர்கள் பெண்கள். ப்ரம்மலின் ரகசியமே இதுதான்: வாசனைத் தைலம் வேண்டாம், உயர்ந்த துணி நிறைய வேண்டும், அதை லண்டன் புகையில் வெளுக்காமல் கிராமத்துக்கு அனுப்பி வெளுக்க வேண்டும். வெளுக்கிறவர்கள் யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்காமல் முடியாது. ஊர் வண்ணார் சேரிக்கு வெளுக்க மாட்டார். சேரிக்கு வெளுக்கும் புதிரை வண்ணார் அதனாலேயே எல்லோருக்கும் கீழே தள்ளப்பட்டார். கலாசியின் கஞ்சி விறைப்புச் சட்டைக்குப் பின்னால் அவருடைய அம்மாவோ மனைவியோ நடந்த தூரம் இருக்கிறது. தனிப்பாணி என்கிறோமே, அதில் ‘தனி’ எங்கே இருக்கிறது?

சட்டை இந்தச் சீமைக்குள் வந்த வழிகள் பல. கொழும்பு, ரங்கூன், மலேயா போய் வந்தவர்கள் கொண்டுவந்தார்கள். கீழக்கரையில் கடல் கடந்து போய் வந்தவரைச் ‘சபுராளி’ என்பார்கள். அவருடைய வெள்ளைக் கைலியும் கைக்கடிகாரமும் அத்தருமே ஒரு முகவரி. இன்னொரு வழி ராணுவம். முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் 1924-ல் பிறந்த இமானுவேல் சேகரன் ராணுவத்திலிருந்து திரும்பியவர். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சமமாக அவர் உட்கார்ந்திருந்த விதம் பற்றி இன்றும் பேசுகிறார்கள். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். ராணுவம் ஒருவனுக்குக் கற்றுக்கொடுப்பது சீருடையை. சீருடை என்பது தனித்தன்மையை அழிப்பது என்று எந்த முற்போக்காளரும் சொல்வார். ஆனால் எல்லோருக்கும் ஒரே பட்டன், ஒரே மடிப்பு என்பது, பிறப்பிலேயே வேறு உடுப்பு எழுதப்பட்ட ஒருவனுக்கு எப்படி இருந்திருக்கும்? ப்ரம்மலுக்குச் சீருடை சலித்தது. ராணுவத்தை விட்டு விலகினார். ராமநாதபுரத்துக்காரன் அதே சீருடையில் முதல்முறையாக ஆளானான்.

அம்பேத்கரின் கோட்டையும் டையையும் ‘வெள்ளைக்காரப் போலி’ என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. சமூகவியலாளர்கள் கொஞ்சம் நாகரிகமாக ‘மேல்நிலையாக்கம்’ என்பார்கள்: கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பார்த்துச் செய்கிறான். எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் தாத்தா சட்டை போடுவதில்லை. கலாசி யாரைப் பார்த்துச் செய்தார்? மேலே இருந்தவன் சட்டையில்லாமல் திண்ணையில் சாய்ந்திருந்தான். சட்டையில்லாமல் இருப்பதே அவனுடைய அதிகாரம். அவனைப் போலச் செய்திருந்தால் கலாசியும் வெற்றுடம்போடுதான் வந்திருக்க வேண்டும். பூர்தியு 1979-ல் எழுதிய ரசனை பற்றிய நூலில், எளிய வகுப்பிலிருந்து ஏறி வருபவனின் அளவுமீறிய ஒழுங்கை, மேல்வகுப்பின் சாவகாசத்தோடு ஒப்பிட்டு விளக்குகிறார். அவருடைய கவனிப்பு கூர்மையானது. ஆனால் அந்த ஒழுங்கு எப்போதும் கொஞ்சம் பரிதாபமாகவே அவரிடம் தெரிகிறது. நான் பார்த்த பட்டனில் பரிதாபம் இல்லை.

இந்தக் கரையிலிருந்து போய் உலகமே பார்த்த உடை ஒன்று உண்டு: அப்துல் கலாமுடையது. 1931 அக்டோபரில், அந்தப் பதினொரு தடைகள் வந்த அதே வருடம், ராமேஸ்வரத்தில் பிறந்தவர். ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர் சொல்லும் பள்ளிச் சம்பவம் பலருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பில், தொப்பி போட்ட இவர் பூணூல் போட்ட நண்பனுக்குப் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் புதிய ஆசிரியர் பொறுக்கவில்லை. பின் பெஞ்சுக்கு அனுப்பினார். நண்பனின் தந்தை ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். இந்தக் கதையை நல்லிணக்கப் பாடமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது உடை பற்றிய கதை. பெரியவரான பிறகு அவரிடம் தொப்பி இல்லை. நீலச் சட்டை, எதையும் குறிக்காத பேன்ட், எந்தச் சாதியும் மதமும் உரிமை கோர முடியாத ஒரு தலைமுடி. 2002-ல் குடியரசுத் தலைவரானபோது கழுத்தை மூடிய பந்த்கலா கோட்டு வந்து சேர்ந்தது. அவர் அதன் கழுத்தைக் கொஞ்சம் வெட்டித் திறந்து போட்டார். அந்தச் சின்ன வெட்டைத்தான் தனிப்பாணி என்பார்கள் கையேட்டுக்காரர்கள், சரிதான். ஆனால் அவருடைய உண்மையான பாணி அதற்கு முன்பே, அடையாளம் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டதில் முடிந்துவிட்டது என்பது என் வாசிப்பு. பின் பெஞ்சுக்குப் போகச் சொல்ல யாருக்கும் ஒரு பிடி கிடைக்கக் கூடாது. இறந்த பிறகு அதுவும் அவர் கையில் இல்லை. பேய்க்கரும்பு நினைவிடம் 2017 ஜூலையில் திறக்கப்பட்டபோது வீணை வாசிக்கும் சிலையும் அருகில் பகவத் கீதையும் இருந்தன, சர்ச்சை வந்தது, குடும்பத்தார் குரானையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கழற்றியவருக்கு ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது? 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர்நீதிமன்ற நீதிபதி வாசலில் தடுக்கப்பட்டார். தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே, வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நல்லது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2012-ல், ஓர் அரசியல் தலைவர் தலித் இளைஞர்களின் ஜீன்ஸையும் டீ-ஷர்ட்டையும் கூலிங் கிளாஸையும் குற்றப்பத்திரிகையாக வாசித்தபோது அந்தக் கொதிப்பில் பாதி இல்லை. 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது புதிதாகச் சேர்த்த குற்றங்களில் ஒன்று: பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் செருப்பு அணிவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது. 1930-ன் பட்டியலையும் 2015-ன் பிரிவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செருப்பு அதிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது.

வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை இப்போது கட்சிக்காரர்களின் சீருடை. அதன் மிடுக்கு கரையில் இருக்கிற நிறத்தில் வந்து முடிந்துவிட்டது. கலாசியின் வெள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல ஆசைதான். முழுக்கச் சொல்ல முடியாது. அந்த வெள்ளை ஜெயித்ததால்தான் இவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

தையல்காரரிடம் இப்போது புதுத்துணி அதிகம் வருவதில்லை. ரெடிமேட் சட்டையைக் கொண்டுவந்து பக்கவாட்டில் பிடிக்கச் சொல்கிறார்கள். போன மாதம் நான் போயிருந்தபோது ஒரு பையன் நின்றான். கல்லூரி முடித்து ஏதோ கம்பெனி வேலை, லினன் சட்டை, இரண்டு பட்டன் திறந்து, கையை அழகாக இரண்டு மடிப்பு. யாருடைய பேரன் என்று பேச்சில் தெரிந்தது. தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே கேட்டார்:

“கழுத்துப் பட்டன் போடுவீகளா தம்பி? காலர் கொஞ்சம் பிடிக்கணும்போல.”

“இல்லண்ணே, தொறந்துதான் விடுவேன்” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஊருக்குப் போறப்ப மட்டும் போட்டுக்கிருவேன். அதுக்குத் தக்கன வையுங்க” என்றான்.